டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீ விபத்து

டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீ விபத்து என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1911 ஆம் ஆண்டு மார்ச் 25 ஆம் நாள் சனிக்கிழமை மாலை, டிரையாங்கிள் வெய்ஸ்ட் கம்பெனி என்ற ஆடைத் தொழிற்சாலையில் நிகழ்ந்த தீ விபத்து ஆகும். இதில் 146 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்களுள் 123 பேர் பெண்கள். 23 பேர் ஆண்கள். இறந்தோரில் பெரும்பாலானோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் குடியேறிய இளம் பெண்கள். மிகக் குறைந்த வயதினர் இருவருக்கும் வயது 14.

வியர்வைப் பட்டறைகள் எனப்படும் உழைப்புச் சுரண்டல் கூடங்களின் வரலாற்றில் இவ்விபத்து ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. தீயால் அந்தக் கட்டடம் அழியவில்லை. அது தீப்பிடிக்காத கட்டடம் என்றே கருதப்பட்டு வந்தது. இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. ஒன்பதாம் தளத்தின் ஒரு கதவு பூட்டப்பட்டிருந்ததும், அத்தளத்தில் இருந்தவர்களுக்கு எவரும் எச்சரிக்கை தராததுமே உயிரிழப்பு இத்தனை மிகுந்ததற்கு முதன்மையான காரணங்கள்.

வியர்வைப் பட்டறை முறை

மிகக் குறைந்த கூலி, மிக நீண்ட வேலைநேரம், காற்றும் வெளிச்சமும் குறைந்த இடம் ஆகியவை ஒருங்கே அமைந்த பணியிடம் ஆங்கிலத்தில் ஸ்வெட்ஷாப் எனப்படுகிறது. தமிழில் இதனை வியர்வைப் பட்டறை எனலாம். இப்பெயரில் உள்ள வியர்வை, தொழிலாளியின் உடலில் வழிவதை மட்டும் குறிப்பதன்று. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் தையல் தொழிலில், பெரிய கடைகளிடமிருந்து வேலையை மொத்தமாக எடுத்து, அதனைத் தைப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுத்த இடைத்தரகர் ஸ்வெட்டர் என அழைக்கப்பட்டார். கடைக்காரர் அவருக்குத் தரும் தொகைக்கும், தைப்பவருக்கு அவர் தரும் கூலிக்கும் உள்ள வேறுபாடே அவரது வருமானம். எனவே கூலியை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது இந்த முறையின் உள்ளியல்பாகவே இருந்தது. தனி ஒருவரின் கொடுமைக் குணத்தை மட்டும் கொண்டு இதனை விளக்க முடியாது.

1850 ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் கிங்ஸ்லி மலிவான ஆடைகளின் பின்னுள்ள துன்பத்தைப் பற்றி ஒரு துண்டு நூல் வெளியிட்டார். அதற்கடுத்த ஆண்டில்தான் ஐசக் சிங்கரின் தையல் இயந்திரம் காப்புரிமை பெற்றது. கையால் தைப்போரின் சுமையை இயந்திரம் குறைக்கும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. இயந்திரம் வேகத்தைக் கூட்டியது; ஓர் உருப்படிக்கு உரிய கூலி அதற்கேற்பக் குறைந்தது. பிரித்தானியப் பிரபுக்கள் அவையின் குழு ஒன்று 1888 முதல் 1890 வரை இம்முறையை ஆராய்ந்தது. 1909 ஆம் ஆண்டில் நிறைவேறிய தொழில் வாரியச் சட்டம் சில தொழில்களுக்கு முதன்முறையாகக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க வழிசெய்தது.

1880-களுக்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் யூதர்களுக்கு எதிரான வன்முறை பெருகியதால் இலட்சக்கணக்கானோர் நியூயார்க்கை வந்தடைந்தனர். தென் இத்தாலியின் வறுமை அங்குள்ள உழவர் குடும்பங்களையும் அதே துறைமுகத்திற்கு அனுப்பியது. நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில் இருந்த நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகளில், ஒரே அறையில் குடும்பம் உறங்கியது, சமைத்தது, தைத்தது. துணியை அழுத்தும் இஸ்திரிப் பெட்டிகளைச் சூடாக்கக் கோடையிலும் அடுப்பு எரிந்தது. இக்குடியிருப்புகளின் நிலையைப் பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ் 1890 இல் வெளியிட்ட நூல் பலரும் அறியச் செய்தது. நோயாளிகள் தைத்த துணி வழியே காசநோய் தம் வீட்டிற்குள் வரும் என்ற அச்சம், தைப்போர் மீதான இரக்கத்தைவிட விரைவாக வாங்குவோரை அசைத்தது என்றே கூற வேண்டும். குடியிருப்புகளில் தைப்பதற்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. தொழில் மெல்ல மெல்லப் புதிய பல மாடிக் கட்டடங்களுக்கு நகர்ந்தது.

தொழிற்சாலையும் உரிமையாளர்களும்

அத்தகைய புதிய கட்டடங்களுள் ஒன்று, வாஷிங்டன் சதுக்கத்தின் அருகே 1901 இல் கட்டி முடிக்கப்பட்ட பத்து மாடி ஆஷ் கட்டடம். வாஷிங்டன் பிளேஸ், கிரீன் தெரு ஆகிய இரு தெருக்களும் சந்திக்கும் மூலையில் இது அமைந்துள்ளது. இதன் எட்டு, ஒன்பது, பத்தாம் தளங்களில் டிரையாங்கிள் நிறுவனம் இயங்கியது. உரிமையாளர்களான மாக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் இருவரும் ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடியேறிகளே. ஹாரிஸ் தையற்காரராகத் தொழிலைத் தொடங்கியவர்.

இங்குத் தைக்கப்பட்ட ஷர்ட்வெய்ஸ்ட் என்பது ஆண்களின் சட்டையைப் போன்று கழுத்துப்பட்டியும் முன்புறப் பொத்தான்களும் கொண்ட பெண்களின் மேற்சட்டை ஆகும். நீண்ட பாவாடையுடன் அணியப்பட்ட இது, அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் வேலைக்குச் செல்லத் தொடங்கிய புதிய தலைமுறைப் பெண்களின் அடையாளமாக விளங்கியது. அச்சட்டையைத் தைத்தவர்களும் வேலைக்குச் செல்லும் பெண்களே.

எட்டாம் தளத்தில் துணி வெட்டப்பட்டது. ஒன்பதாம் தளத்தில் நீண்ட மேசைகளில் எட்டு வரிசைகளாக 240 தையல் இயந்திரங்கள் பொருத்தப்பட்டிருந்தன. பத்தாம் தளத்தில் அலுவலகமும், இஸ்திரி போடுதல், பொதிசெய்தல் ஆகிய பணிகளும் நடைபெற்றன. ஏறத்தாழ 500 பேர் பணிபுரிந்தனர். கிழமைக்கு 52 மணிநேர வேலைக்குப் பெரும்பாலோர் 7 முதல் 12 டாலர் வரை பெற்றனர். பழைய குடியிருப்புப் பட்டறைகளோடு ஒப்பிட்டால் இங்கு உயரமான கூரையும் பெரிய சாளரங்களும் மின் ஆற்றலும் இருந்தன. எனினும் இடைத்தரகர் முறை மறையவில்லை. அவர் தொழிற்சாலைக்குள்ளேயே வந்துவிட்டார். நிறுவனம் சில இயந்திரங்களை உள் ஒப்பந்ததாரர்களிடம் ஒப்படைத்து அவர்களுக்கு மொத்தமாகப் பணம் கொடுத்தது. தமக்குக் கீழுள்ள பெண்களுக்கு என்ன கூலி என்பதை ஒப்பந்ததாரரே முடிவு செய்தார். ஒரு நாளில் எத்தனை பேர் வேலைக்கு வந்தனர் என்பது உரிமையாளர்களுக்கே சரிவரத் தெரியாத நிலை இருந்தது.

வேலை முடிந்ததும் தொழிலாளர்கள் கிரீன் தெருப் பக்கமுள்ள கதவு வழியாக மட்டுமே வெளியேற வேண்டும். அங்குக் காவலர் ஒருவர் நின்று ஒவ்வொரு பெண்ணின் கைப்பையையும் திறந்து பார்ப்பார். துணியோ சட்டையோ திருடப்படாமல் தடுப்பதே இதன் நோக்கம் எனக் கூறப்பட்டது. எதிர்ப்புறமுள்ள வாஷிங்டன் பிளேஸ் கதவு அதற்காகவே பூட்டி வைக்கப்பட்டது.

1909 ஆம் ஆண்டு வேலைநிறுத்தம்

தீ விபத்திற்கு ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்பு இதே தொழிற்சாலை வேறொரு காரணத்திற்காகச் செய்திகளில் இடம்பெற்றது. 1909 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், சங்கத்தில் சேர முயன்ற தொழிலாளர்களை நிறுவனம் வேலையிலிருந்து நீக்கிக் கதவை அடைத்தது. அவர்கள் தெருவில் மறியல் செய்தனர். மறியல் செய்தவர்களைத் தாக்க அடியாட்கள் அமர்த்தப்பட்டனர். காவல்துறையோ அடிபட்ட பெண்களையே கைது செய்தது.

நவம்பர் 22 அன்று கூப்பர் யூனியன் அரங்கில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கூடினர். தலைவர்கள் பலர் எச்சரிக்கையுடன் நீண்ட நேரம் உரையாற்றிய பின்னர், கிளாரா லெம்லிச் என்ற இளம் தையல் தொழிலாளி பேச அனுமதி கேட்டு மேடையேறினார். மற்றொரு நிறுவனத்தின் வேலைநிறுத்தத்தில் விலா எலும்புகள் முறியும்படி தாக்கப்பட்டவர் அவர். பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதென்றும், பொது வேலைநிறுத்தம் தொடங்க வேண்டும் என்றும் இத்திய மொழியில் சுருக்கமாகக் கூறினார். அவை வலக்கையை உயர்த்தி உறுதிமொழி ஏற்றது. மறுநாள் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் இருபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். இருபதாயிரவர் எழுச்சி என இது அழைக்கப்படுகிறது. அதுவரை அமெரிக்கப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தங்களில் இதுவே மிகப் பெரியது. செல்வந்தர் குடும்பப் பெண்களான ஆன் மார்கன், ஆல்வா பெல்மாண்ட் போன்றோரும் ஆதரவு அளித்தனர்.

1910 பிப்ரவரியில் வேலைநிறுத்தம் முடிவுற்றபோது முந்நூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சங்கத்துடன் ஒப்பந்தம் செய்திருந்தன. டிரையாங்கிள் நிறுவனம் கூலியைச் சற்று உயர்த்தி வேலைநேரத்தைக் குறைக்க இசைந்தது. ஆனால் சங்கத்தை ஏற்க மறுத்துவிட்டது. சங்கம் இல்லாத இடத்தில் கதவு பூட்டப்படுவதைப் பற்றி முறையிடுவதற்கு ஆள் இல்லாமற் போயிற்று.

கட்டடத்தின் குறைபாடுகள்

ஆஷ் கட்டடத்தின் உயரம் 135 அடி. 150 அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கே மரத் தளங்களும் மரச் சட்டங்களும் அன்றைய விதிகளில் தடைசெய்யப்பட்டிருந்தன. எனவே பதினைந்து அடி குறைவாக இருந்ததால் இங்கு மரம் பயன்படுத்தப்பட்டது. கட்டடத்தின் பரப்பிற்கு மூன்று படிக்கட்டுகள் தேவைப்பட்ட நிலையில் இரண்டே இருந்தன. பின்புறமுள்ள இரும்புப் படிக்கட்டை மூன்றாவதாகக் கொள்ளுமாறு கட்டடக் கலைஞர் கேட்டு இசைவு பெற்றார். அந்த ஒடுங்கிய இரும்புப் படிக்கட்டு தெருவிற்கு இறங்கவில்லை. நாற்புறமும் சுவர் சூழ்ந்த ஓர் உள்முற்றத்தில், கண்ணாடிக் கூரை ஒன்றின் மேல் சென்று முடிந்தது.

தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் கருவிகள் அக்காலத்தில் புழக்கத்திற்கு வந்திருந்தன. அவற்றைப் பொருத்துவது கட்டாயமாக்கப்படவில்லை. இக்கட்டடத்தில் அவை பொருத்தப்படவும் இல்லை. தீயிலிருந்து வெளியேறும் பயிற்சி எதுவும் தொழிலாளர்களுக்கு அளிக்கப்படவில்லை. வேலைநேரத்தில் கதவுகளைப் பூட்டக்கூடாது என்ற விதி மட்டும் நியூயார்க் மாநிலச் சட்டத்தில் முன்னரே இருந்தது.

தீ விபத்து

சனிக்கிழமைகளில் வேலை மாலை 4:45 மணிக்கு முடிவடையும். அன்று ஏறத்தாழ 4:40 மணிக்கு, எட்டாம் தளத்தின் வடகிழக்கு மூலையில் துணி வெட்டும் மேசை ஒன்றின் கீழிருந்த பெட்டியில் தீ தென்பட்டது. வெட்டியபின் எஞ்சும் துணித் துண்டுகள் இப்பெட்டிகளில் சேர்த்து வைக்கப்பட்டு, அவ்வப்போது பழந்துணி வணிகர் ஒருவருக்கு விற்கப்படும். சுமார் இரண்டு மாதங்களாக அவை அகற்றப்படவில்லை. அணையாத தீக்குச்சியோ சிகரெட்டோ அதில் விழுந்திருக்கலாம் எனத் தீயணைப்புத் துறை முடிவு செய்தது. மேசைகளுக்கு மேலே கம்பிகளில் மெல்லிய தாளாலான மாதிரிகள் தொங்கின. மெல்லிய பருத்தித் துணியும் தாளும் நிறைந்த அறையில் தீ நொடிகளில் பரவியது. வாளி வாளியாக நீர் ஊற்றப்பட்டும் பயனில்லை. படிக்கட்டருகே இருந்த தீயணைப்புக் குழாயில் நீர் வரவில்லை.

எட்டாம் தளத்தில் இருந்தோர் தீயைத் தம் கண்ணால் கண்டனர். அங்கும் வாஷிங்டன் பிளேஸ் கதவு பூட்டியிருந்தது. இயந்திரப் பணியாளர் ஒருவர் நெரிசலில் முண்டிச் சென்று அதனைத் திறந்தார். அத்தளத்தில் ஏறத்தாழ அனைவரும் தப்பினர். அங்கிருந்த கணக்கர் பத்தாம் தளத்திற்குத் தொலைபேசியில் செய்தி தெரிவித்தார். பத்தாம் தளத்தில் இருந்தோர், உரிமையாளர்கள் இருவரும் அன்று அங்கு வந்திருந்த பிளாங்கின் இரு மகள்களும் உட்பட, கூரை மீது ஏறினர். அடுத்த கட்டடத்தில் இருந்த நியூயார்க் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் ஏணிகளை நீட்டி அவர்களை மேலே இழுத்துக் கொண்டனர். அத்தளத்தில் ஒருவர் மட்டுமே இறந்தார்.

இடையில் இருந்த ஒன்பதாம் தளத்திற்கு எச்சரிக்கை எதுவும் செல்லவில்லை. அத்தளத்தில் ஒலிக்கக்கூடிய அபாய மணியும் இல்லை. ஏறத்தாழ 250 பேர் கூலியைப் பெற்றுக்கொண்டு வீட்டிற்குச் செல்ல மேலங்கியை எடுத்துக்கொண்டிருந்த வேளையில், செய்திக்குப் பதிலாகத் தீயே சாளரங்கள் வழியாக உள்ளே வந்தது. சிலர் கிரீன் தெருப் படிக்கட்டு வழியே கீழும் மேலும் ஓடித் தப்பினர். சில நிமிடங்களில் அவ்வழி தீயால் அடைபட்டது. எஞ்சியவர்கள் வாஷிங்டன் பிளேஸ் கதவை நோக்கி ஓடினர். அது திறக்கவில்லை. திறவுகோல் வைத்திருந்த மேற்பார்வையாளர் ஏற்கெனவே வேறு வழியில் தப்பிச் சென்றிருந்தார்.

பின்புற இரும்புப் படிக்கட்டில் பலர் இறங்க முயன்றபோது அது வெப்பத்தாலும் பாரத்தாலும் முறிந்து விழுந்தது. சுமார் இருபது பேர் உள்முற்றத்தில் விழுந்து மாண்டனர். மின்தூக்கி இயக்குநர்களான ஜோசப் ஜிட்டோ, காஸ்பர் மார்ட்டில்லாரோ இருவரும் புகையினூடே மீண்டும் மீண்டும் மேலே சென்று, கொள்ளளவைவிட மிகுதியான ஆட்களை ஏற்றி இறக்கினர். அன்று உயிர் தப்பியவர்களுள் பலர் இவ்விருவருக்கும் கடன்பட்டவர்கள். வெப்பத்தால் தண்டவாளம் வளைந்து மின்தூக்கி நின்றபின், சிலர் அதன் கம்பி வடத்தைப் பற்றி இறங்க முயன்றனர். பலர் வெற்றுக் குழிக்குள் குதித்தனர்.

தீயணைப்புப் படை விரைவாகவே வந்து சேர்ந்தது. ஆனால் அதன் ஏணிகள் ஆறாம் தளம் வரையே எட்டின. நியூயார்க் ஏணிகளின் எட்டாத உயரத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கின்றனர் என்பதைத் தீயணைப்புத் தலைவர் எட்வர்ட் குரோக்கர் முன்னரே பலமுறை எச்சரித்திருந்தார். சாளரங்களிலிருந்து 60-க்கும் மேற்பட்டோர் தெருவில் விழுந்து இறந்தனர். சிலர் ஒருவர் கையை ஒருவர் பற்றியபடி குதித்தனர். விரித்துப் பிடிக்கப்பட்ட வலைகள் அந்த வேகத்தைத் தாங்காமல் கிழிந்தன. வாஷிங்டன் சதுக்கத்தில் உலவ வந்திருந்த பெருங்கூட்டம் இதனை நேரில் கண்டது. தீ அரை மணி நேரத்திற்குள் கட்டுப்படுத்தப்பட்டது.

அடையாளம் காணலும் இரங்கலும்

உடல்கள் கிழக்கு ஆற்றங்கரையிலுள்ள படகுத்துறைக் கொட்டகைக்குக் கொண்டு செல்லப்பட்டு வரிசையாக வைக்கப்பட்டன. உறவினர்கள் பல நாட்கள் வரிசையில் நின்று, தைத்த காலணியையோ மோதிரத்தையோ பின்னலையோ கொண்டு தம்மவரை அடையாளம் கண்டனர். ஆறு பேரை எவராலும் அடையாளம் காண இயலவில்லை. ஏப்ரல் 5 அன்று நகர நிர்வாகம் அவர்களைப் புரூக்ளினில் அடக்கம் செய்தது. அதே நாளில் கொட்டும் மழையில் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மௌன ஊர்வலம் சென்றனர். அந்த ஆறு பேரின் பெயர்கள் ஆய்வாளர் மைக்கேல் ஹிர்ஷ் என்பவரின் முயற்சியால் நூறு ஆண்டுகள் கழித்து, 2011 இல்தான் வெளிவந்தன.

ஏப்ரல் 2 அன்று மெட்ரோபாலிட்டன் இசை நாடக அரங்கில் நகரப் பெருமக்கள் கூட்டிய கூட்டத்தில், தொப்பித் தொழிலாளியாக இருந்து சங்க அமைப்பாளரான ரோஸ் ஷ்னைடர்மன் உரையாற்றினார். நிதி திரட்டவும் தீர்மானம் நிறைவேற்றவும் வந்திருந்த அவையினரிடம், அவர்களது நல்லெண்ணம் ஏற்கெனவே சோதிக்கப்பட்டுத் தோற்றுவிட்டது என்றும், தொழிலாளர்கள் தம் வலிமையான இயக்கத்தால்தான் தம்மைக் காத்துக்கொள்ள முடியும் என்றும் தாழ்ந்த குரலில் கூறினார்.

வழக்கு

பிளாங்க், ஹாரிஸ் இருவர் மீதும் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் சுமத்தப்பட்டது. விசாரணை 1911 டிசம்பர் 4 அன்று தொடங்கியது. பூட்டிய நிலையிலேயே இடிபாடுகளில் கிடைத்த கதவுப் பூட்டு நீதிமன்றத்தில் சான்றாக வைக்கப்பட்டது. உரிமையாளர் தரப்பு வழக்கறிஞர் மாக்ஸ் ஸ்டோயர், உயிர் தப்பிய பெண் ஒருவரைத் தமது அனுபவத்தைத் திரும்பத் திரும்பக் கூறச் செய்து, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே சொற்கள் வருவதைச் சுட்டிக்காட்டி, சாட்சியம் மனப்பாடம் செய்யப்பட்டது என்ற ஐயத்தை ஜூரிகளிடம் ஏற்படுத்தினார். ஆங்கிலம் அண்மையில் கற்ற ஒருவர், தம் வாழ்வின் மிகக் கொடிய நிமிடங்களை வேறு சொற்களில் கூற இயலாமை இயல்பே என்பது அங்குக் கருதப்படவில்லை.

கதவு பூட்டியிருந்தது என்பது மட்டும் போதாது. அந்த நேரத்தில் அது பூட்டியிருந்ததை உரிமையாளர்கள் அறிந்திருந்தனர் என்பதும் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட வேண்டும் என நீதிபதி ஜூரிகளுக்கு அறிவுறுத்தினார். இரண்டு மணிநேரத்திற்கும் குறைவாகக் கலந்தாய்ந்த ஜூரிகள் டிசம்பர் 27 அன்று இருவரையும் விடுவித்தனர். திருட்டினால் ஏற்பட்ட இழப்பைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அது 25 டாலரைத் தாண்டாது என ஹாரிஸ் சாட்சிக் கூண்டிலேயே ஒப்புக்கொண்டிருந்தார்.

இறந்தோரின் குடும்பங்கள் தொடுத்த உரிமையியல் வழக்குகள் 1914 இல் ஓர் உயிருக்கு 75 டாலர் என்ற அளவில் தீர்க்கப்பட்டன. உரிமையாளர்களோ காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து, நிறுவப்பட்ட இழப்பைவிட ஏறத்தாழ 60,000 டாலர் கூடுதலாகப் பெற்றனர். இறந்தோர் எண்ணிக்கையால் வகுத்தால் இது ஆளுக்கு 400 டாலருக்கு மேல் வரும். 1913 இல் பிளாங்க் தமது புதிய தொழிற்சாலையில் வேலைநேரத்தில் கதவைப் பூட்டியதற்காக மீண்டும் பிடிபட்டார். அவருக்கு விதிக்கப்பட்ட தண்டம் 20 டாலர்.

சட்டச் சீர்திருத்தங்கள்

தண்டனை கிடைக்காவிடினும் சட்டம் மாறியது. நியூயார்க் மாநில அரசு 1911 ஜூன் மாதத்தில் தொழிற்சாலை விசாரணை ஆணையத்தை அமைத்தது. சட்டமன்றத்தின் செல்வாக்குமிக்க இரு உறுப்பினர்களான ராபர்ட் வாக்னர் தலைவராகவும், ஆல் ஸ்மித் துணைத் தலைவராகவும் பொறுப்பேற்றனர். ஆணையத்திற்காகப் பணியாற்றிய பிரான்சிஸ் பெர்கின்ஸ் அம்மையார், தீ விபத்து நடந்தபோது அருகில் நண்பர் வீட்டில் தேநீர் விருந்தில் இருந்தவர். ஓடிச் சென்று பெண்கள் விழுவதை நேரில் கண்டவர். அறிக்கைகளை மட்டும் நம்பாமல் அவர் ஆணைய உறுப்பினர்களைத் தொழிற்சாலைகளுக்கே அழைத்துச் சென்றார். தீயிலிருந்து தப்பும் வழி எனக் காட்டப்பட்ட ஒரு சிறு துளை வழியாக வாக்னரை ஊர்ந்து சென்று பார்க்கச் செய்தார். இரவு முழுதும் கயிற்றாலையில் உழைத்துவிட்டு விடியலில் வெளிவரும் பெண்களை ஸ்மித் பார்க்கும்படி செய்தார்.

ஆணையத்தின் பரிந்துரைகளின்படி அடுத்த சில ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின. கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், வேலைநேரத்தில் பூட்டக்கூடாது, உயர்ந்த கட்டடங்களில் நீர் தெளிப்பான்கள் வேண்டும், தீயிலிருந்து வெளியேறும் பயிற்சி நடத்த வேண்டும், கழிவுகளைக் குவிக்கக்கூடாது என்பன அவற்றுள் சில. பெண்களின் வேலைநேரம் கிழமைக்கு 54 மணியாக வரையறுக்கப்பட்டது. சிறார் உழைப்பிற்கும் கட்டுப்பாடுகள் வந்தன. இவற்றைவிட முக்கியமானது தொழிலாளர் துறை விரிவாக்கப்பட்டு ஆய்வாளர்கள் எண்ணிக்கை கூட்டப்பட்டதாகும். பூட்டக்கூடாது என்ற விதி 1911 இலும் இருந்தது. அதைப் பார்வையிட ஆள் இல்லை.

பிரான்சிஸ் பெர்கின்ஸ் 1933 முதல் 1945 வரை ஐக்கிய அமெரிக்காவின் தொழிலாளர் துறைச் செயலராக இருந்தார். அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் இவரே. சங்கம் அமைக்கும் உரிமையை உறுதிசெய்த 1935 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை முன்மொழிந்த வாக்னரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1938 இல் வந்த நியாயமான உழைப்புத் தரச் சட்டம் நாடு முழுதும் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 25 சென்ட் என நிர்ணயித்தது.

பிற்கால விபத்துகள்

20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூலி குறைந்த இடங்களை நாடி ஆடைத் தொழில் நியூயார்க்கிலிருந்து வெளியேறியது. முதலில் தென் மாநிலங்களுக்கும், பின்னர் ஆசிய, இலத்தீன் அமெரிக்க நாடுகளுக்கும் சென்றது. பெருநிறுவனம் ஒப்பந்ததாரருக்கும், அவர் துணை ஒப்பந்ததாரருக்கும் வேலையைக் கைமாற்றும் பழைய முறையே இப்போது நாடுகளுக்கிடையே இயங்குகிறது. அமெரிக்காவிலும் இது முற்றாக ஒழியவில்லை. 1995 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் எல் மாண்டி நகரில், முள்வேலிக்குள் அடைத்துவைக்கப்பட்டுத் தைத்துக்கொண்டிருந்த 72 தாய்லாந்து நாட்டவர்கள் மீட்கப்பட்டனர்.

பூட்டிய கதவுகளும் தொடர்ந்தன. 1993 மே மாதத்தில் தாய்லாந்தின் கேடர் பொம்மைத் தொழிற்சாலைத் தீயில் 188 பேர் இறந்தனர். 2012 செப்டம்பரில் பாகிஸ்தானின் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு நவம்பர் 24 அன்று வங்காளதேசத்தின் தாஸ்ரீன் ஆலையில் தீப்பிடித்தபோது, அபாய மணி ஒலித்தும் தொழிலாளர்களை வேலையைத் தொடருமாறு மேலாளர்கள் கூறினர் எனத் தப்பியோர் தெரிவித்தனர். அங்கு 110-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்த பின்னர், ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன.

மகளிர் நாள் குறித்த தவறான கருத்து

அனைத்துலக மகளிர் நாள் இத்தீ விபத்தின் நினைவாகத் தோன்றியது எனச் சில இடங்களில் கூறப்படுவது சரியன்று. அந்நாளைக் கொண்டாடும் தீர்மானம் 1910 இல் கோபனேகன் மாநாட்டில் எடுக்கப்பட்டது. முதல் மகளிர் நாள் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் 1911 மார்ச் 19 அன்று, அதாவது விபத்திற்கு ஆறு நாட்களுக்கு முன்பே, கடைப்பிடிக்கப்பட்டது. எனினும் பிந்தைய ஆண்டுகளின் மகளிர் நாள் கூட்டங்களில் இவ்விபத்து அடிக்கடி நினைவுகூரப்பட்டதால் இக்குழப்பம் நேர்ந்திருக்கலாம்.

நினைவுகூரல்

ஆஷ் கட்டடம் இப்போது பிரவுன் கட்டடம் எனப் பெயர் பெற்று நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அறிவியல் ஆய்வகங்களுக்குப் பயன்படுகிறது. 1991 இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. விபத்தில் உயிர் தப்பியோருள் கடைசியாக வாழ்ந்த ரோஸ் ஃபிரீட்மன் 2001 ஆம் ஆண்டில் தமது 107 ஆம் வயதில் காலமானார். பத்தாம் தளத்திற்கு ஏறி நிர்வாகிகளைப் போலவே கூரை வழியாகத் தப்பியவர் இவர்.

2004 முதல் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 25 அன்று தன்னார்வலர்கள், இறந்தவர்கள் வாழ்ந்த வீடுகளைத் தேடிச் சென்று, ஒவ்வொரு வாசலின் முன்னும் நடைபாதையில் அவ்வீட்டிலிருந்து வேலைக்குச் சென்று திரும்பாதவரின் பெயரையும் வயதையும் சுண்ணக்கட்டியால் எழுதி வருகின்றனர். 2023 அக்டோபர் 11 அன்று கட்டடத்தின் வெளிச்சுவரில் நிலையான நினைவுச்சின்னம் ஒன்று திறந்து வைக்கப்பட்டது. அதில் 146 பேரின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன.